ஆடுமகளிரும் அளவுகோலும்

ஆடுதல் என்னும் ஒரே வினைச்சொல் தமிழில் இரண்டு தொழில்களுக்குப் பொதுவாக நிற்கின்றது. அரங்கிலே சதங்கை கட்டி ஆடுவதும் ஆட்டம். திடலிலே பந்தெடுத்து ஆடுவதும் ஆட்டம். இரண்டிற்கும் உடலே கருவி. ஆயினும் ஆடவன் ஆடும்போது ஆட்டத்தை மட்டும் கண்டு மகிழும் உலகம், பெண் ஆடும்போது அவ்வளவில் அமைவதில்லை. அவள் உடலையும் அளக்கத் தொடங்குகின்றது. நிறம் என்ன, இடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கணக்கெடுக்கின்றது. இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, யார் யார் கைக்கு மாறியது என்பதை ஆராய வாய்ப்பான இடங்களுள் பினாங்குத் துறைமுகமும் ஒன்று.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றினார். அது முதற்கொண்டே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர் இங்கு வந்திறங்கினர். நாகூர், நாகப்பட்டினத்துச் சூலியா வணிகரும், கப்பலில் சுமை ஏற்றி இறக்குவோரும், பின்னாளில் தோட்டத் தொழிலாளரும் இத்துறை வழியே வந்தவர்களே. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பல், சென்னையிலும் நாகையிலும் ஏறியவர்களை முதலில் இறக்கிவிட்ட மலாயாத் துறை பினாங்கேயாகும். அதன் பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985இல் தீக்கிரையாகும் வரை அத்தொடர்பு நீடித்தது. இக்கப்பல்கள் வெங்காயமும் மிளகாயும் மட்டும் கொண்டு வரவில்லை. நாடகக்காரர், இசைத்தட்டு, திரைப்படச் சுருள், நடனச் சலங்கை ஆகிய யாவும் வந்தன. அவற்றோடு, எந்தச் சுங்க அதிகாரியின் பதிவேட்டிலும் ஏறாத ஒன்றும் வந்தது. ஆடுகின்ற பெண் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்ற எண்ணமே அது.

முதலில் வந்தது பம்பாயிலிருந்து. 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் மேடையிட்டன. மொழி புரியாதபோதும் மக்கள் திரண்டனர். அக்குழு ஒன்றின் உடைகளையும் திரைச்சீலைகளையும் விலைக்கு வாங்கிய மாமாக் பூஷி என்பவர், ஏறத்தாழ 1885இல் மலாய் மொழியில் ஆடும் குழுவொன்றை அமைத்தார். ‘பங்சாவான்’ என்னும் நாடகக் கலை பினாங்கில் பிறந்த வரலாறு இதுவே. அதன் தலைமை நடிகைக்கு ‘ஸ்ரீ பங்குங்’ என்று பெயர். பங்குங் என்பது மலாயில் மேடையைக் குறிக்கும். ஆகவே அவளை மேடைத்திரு என்று தமிழில் அழைக்கலாம். இத்திருமகளுக்குக் குரல் வேண்டும், ஆட்டம் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகக் கண்ணைக் கவரும் வடிவும் வேண்டும். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே திரை மாற்றும் நேரத்தில் பாடி ஆடிக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவதும் மேடை மகளிரின் கடமையாயிற்று. நுழைவுச் சீட்டு விற்றுப் பிழைக்கும் அரங்கில் பெண்ணின் தோற்றம் சரக்காவது தவிர்க்க இயலாததாயிற்று.

அப்படியானால் அளவுகோல் அயலார் கொண்டுவந்தது, தமிழருடைய பழங்கலையில் அது இல்லை என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வோர் உளர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். ஆடல், பாடல் ஆகியவற்றோடு அழகும் குறைவற அமைய வேண்டுமென்று இளங்கோவடிகள் மூன்றாவது தகுதியாகச் சேர்த்துவிட்டார். நந்திகேசுவரர் பெயரால் வழங்கும் அபிநய தர்ப்பணம் என்னும் வடநூல் இன்னும் கடுமையானது. ஆடத்தகாதவள் யார் என்று பத்துக் குறைகளை அது அடுக்குகின்றது. கண்ணில் பூ விழுந்தவள், கூந்தல் குறைந்தவள், தடித்த உதடுடையவள், தளர்ந்த மார்பினள், மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக நெடியவள், மிகக் குறியவள், கூனல் விழுந்தவள், குரலற்றவள் என்பன அவை. இப்பட்டியலைப் படிக்கும் மாணவிக்குத் தானும் ஏதோ ஓரிடத்தில் மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால் வியப்பில்லை.

ஆனால் ஏட்டில் இருந்தது வேறு, வீட்டில் நடந்தது வேறு. சதிராட்டத்தை மரபுரிமையாகக் காத்த இசை வேளாளர் குடும்பங்களில் கலை, தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் சென்றது. அங்கே பருத்த பேத்தியும் இருந்தாள், கறுத்த பேத்தியும் இருந்தாள். தாளமும் குரலும் கைவந்தவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கப்பட்டது. முதுமை அங்கே தகுதிக் குறைவாகாமல் சிறப்பாகவே இருந்தது. மயிலைக் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாள் முதுமையிலும் பதங்களுக்கு அபிநயம் கற்பித்தார். பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் கலாநிதி நாராயணனும் அவரிடம் பயின்றவர்களே. காதலனுக்காகக் காத்திருக்கும் நாயகியை ஒரு முதியவர் உட்கார்ந்தபடியே கண்ணாலும் கையாலும் காட்ட, இளையவர்கள் கற்றுக்கொண்டனர். ஷேத்திரக்ஞர் பதத்தின் நாயகிக்கு இடையின் அளவு எதற்கு?

இக்குடும்பத்துப் பெண்களை முதன்முதலாக அயல்நாட்டுக் கண்கள் அளந்தது 1838இல். புதுச்சேரியை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசியர் ஐவரை நட்டுவனார், இசைக்கலைஞரோடு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் செய்து பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அவர்களுள் ஏறத்தாழப் பதினெட்டு வயதுடைய அம்மணி நகரின் பேச்சானாள். பாரிசில் ஆடிய பின் அவர்கள் இலண்டன் அடெல்பி அரங்கிலும் ஆடினர். புகழ்பெற்ற எழுத்தாளர் தெயோபில் கோத்தியே, அம்மணியின் மேனியை பிளாரன்சு நகரத்து வெண்கலத்திற்கு ஒப்பிட்டு, உறுப்புறுப்பாக வருணித்துச் செய்தித்தாளில் எழுதினார். சிற்பி பார் அவளைச் சிறு சிலையாக வடித்தார். அவை பாராட்டுகளே, பழிப்பு அல்ல. எனினும் அவள் பாடிய பாட்டின் பொருளை அந்நகரத்தில் அறிந்தவர் எத்தனை பேர்? மொழி விளங்காத இடத்தில் உடல் ஒன்றே விளங்கியது. பினாங்கில் பார்சி நாடகம் கண்டவர்களுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கலை பெரும் மாற்றத்திற்கு உள்ளாயிற்று. தேவதாசி முறையை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அச்சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமை நீங்க வேண்டியதே. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் கலையைக் காப்பாற்ற முனைந்தவர்கள் அதனை மரபுக் குடும்பங்களின் கையிலிருந்து எடுத்துப் படித்த மேல்தட்டுப் பெண்களின் கையில் கொடுத்தபோது, வீட்டு வழக்கம் பின்தங்கி ஏட்டு வழக்கம் முன்வந்தது. காலத்தைக் கவனிக்க வேண்டும். அபிநய தர்ப்பணத்தை ஆனந்த குமாரசுவாமி ஆங்கிலத்தில் வெளியிட்டது 1917இல். மன்மோகன் கோஷ் பதிப்பித்தது 1934இல். பாட்டியின் சொல்லுக்குப் பதில் நூலின் சொல்லை ஆதாரமாகக் கொள்ளும் புதிய மாணவியர் வந்த அதே காலத்தில், அந்தப் பத்துக் குறைகளும் அச்சேறி எல்லோர் கைக்கும் எட்டின.

இம்மாற்றத்தின் தலைமகள் ருக்மிணி தேவி. 1928இல் ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவை அவர் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே பயின்றார். பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935 டிசம்பர் 30ஆம் நாள் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் தோன்றியது. அவர் செய்த தொண்டு அளவிடற்கரியது. ஆயினும் ஒரு சிறு செய்தி இங்கே கருதத்தக்கது. பழைய சதிர்க் கலைஞர் அணிந்தது கொசுவம் வைத்துச் சுற்றிய கனத்த பட்டுச் சேலை. பருத்த உடலையும் மெலிந்த உடலையும் அது ஒன்றுபோலவே மூடிக்கொள்ளும். ருக்மிணி தேவி ஓர் இத்தாலியத் தையற்கலைஞரின் துணையோடு உடலளவுக்கு ஏற்பத் தைத்த உடையை அமைத்தார். காலசைவு தெளிவாகத் தெரிவதற்கு அது உதவியது. வேகமான அடவுகளுக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் தைத்த உடைக்கு அளவெடுக்க வேண்டும். முன்பு ஆடுபவளின் பின்னாலேயே நின்று நடந்து தாளம் போட்ட நட்டுவனாரும் பக்கவாட்டில் அமர்ந்துவிட்டார். மின்விளக்கு வெள்ளத்தில், வெறும் திரையின் முன், தைத்த உடையில் அவள் தனியே நின்றாள். பார்வையாளன் பார்ப்பதற்கு அவள் உடலைத் தவிர மேடையில் வேறொன்றும் இல்லை.

இந்நிலையிலும் ஒருவர் அளவுகோலுக்கு அடங்கவில்லை. வீணை தனம்மாளின் பேத்தியான தஞ்சாவூர் பாலசரசுவதி 1918இல் பிறந்தவர். நெடிய மெல்லிய உருவம் அவருடையதன்று. நடுவயதில் உடல் பருத்தும் இருந்தார். புதிய இலக்கணப்படி மேடைக்கு அவர் பொருந்தாதவர். ஆனால் தாய் ஜெயம்மாள் பாட, அவர் ஒரே வரிக்குப் பத்துப் பதினைந்து வகையாகக் கை காட்டத் தொடங்கியதும் அவையோருக்குப் பருமனும் நிறமும் மறந்துபோயின. 1961இல் தோக்கியோ, 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ எனச் சென்ற இடமெல்லாம் அவர் வென்றார். 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்ம விபூஷண் என விருதுகள் பின்தொடர்ந்தன. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் படமெடுத்தபோது வயது 58. கடற்கரைக் காற்றில் அவர் ‘கிருஷ்ணா நீ பேகனே’ பதத்திற்கு ஆடும் அப்படத்தைத் தமிழாசிரியர்கள் தங்கள் மாணவியருக்கு ஒருமுறையேனும் காட்டலாம். யசோதையின் முகம் எந்த வயதில் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

பாலசரசுவதியின் வழி பரவலாகவில்லை. திரைப்படத்தின் வழியே பரவியது. 1958இல் வெளிவந்த ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனம், ஆடுமகளின் வடிவம் பற்றிய பொது எண்ணத்தை எத்தனையோ அரங்கேற்றங்களை விட ஆழமாகப் பதித்தது. இருவரும் தேர்ந்த கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலைத் தனியே, இடையைத் தனியே, கண்ணைத் தனியே வெட்டிக் காட்டும் வித்தை படப்பெட்டிக்கே உரியது. 1981இல் கோலாலம்பூரில் தொடங்கிய நுண்கலைக் கோயில் பினாங்கிலும் கிளை பரப்பியது. அதைப்போன்ற அமைப்புகளின் முயற்சியால் மலேசியாவில் பரதம் வேரூன்றியது. கடல் கடந்த நாடுகளின் மாணவியர் பலருக்கு இன்றும் நடன உடை சென்னையில்தான் தைக்கப்படுகின்றது. மார்பு, இடை, இடுப்பு, கணுக்கால் என்று அங்குலக் கணக்கில் ஒரு தாள் போகின்றது. ஆறு வாரம் கழித்து உடை வருவதற்குள் எடை கூடிவிடக் கூடாதே என்ற கவலை வீட்டில் குடிபுகுகின்றது. பதின்மூன்று வயதுப் பெண் வளராமல் வேறென்ன செய்வாள்?

இக்கவலையின் விலை என்ன என்பதை மருத்துவ உலகம் பிந்தியே உணர்ந்தது. ஆட்டத்திற்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு செல்லாவிட்டால் உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மாதவிலக்கு நிற்கும். அதனோடு பெண்மைச் சுரப்பு குறையும்; அது குறைந்தால் எலும்பு தேயும். 1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பு இம்மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்களாக இணைத்துப் பேசியது; 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அதனை இன்னும் விரித்து, ஆடவருக்கும் இது நேரும் என்று அறிவித்தது. பாலே, சீருடற்பயிற்சி, நெடுந்தொலைவு ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபடும் பெண்களிடம் இது மிகுதி. பரதம் ஆடுவோர்க்கும் இது பொருந்தாமலில்லை. தட்டடவும் நாட்டடவும் வெறுங்காலால் சிமெண்டுத் தரையில் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கப்படுபவை. தேய்ந்த எலும்பு அம்மிதியைத் தாங்குமா? மாதவிலக்கு நின்றதைத் தாயிடம்கூடச் சொல்லத் தயங்கும் வயதில், கால் எலும்பில் மயிரிழை விரிசல் கண்ட பின்னரே உண்மை வெளிப்படுகின்றது.

திடலுக்கு வருவோம். அங்கே தராசு வேறு. ஆடரங்கில் மெலியச் சொன்னவர்கள், விளையாட்டரங்கில் வலிமை பெற்ற பெண்ணைப் பார்த்து ‘இவள் பெண்தானா’ என்று கேட்டனர். 1966ஆம் ஆண்டு இதற்கு ஒரு திருப்பம். மலேசிய ஓட்ட வீராங்கனை எம். இராஜாமணி, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய பின், 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவ்வாண்டே நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதும் அவருக்குக் கிடைத்தது. தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ சிறுமியருக்கு அது எத்தகைய செய்தி! அதே 1966இல்தான் ஐரோப்பாவின் புடாபெஸ்ட் நகரில், தடகள வீராங்கனைகள் ஆடையின்றி மருத்துவர் குழுவின் முன் நடந்து தம்மைப் பெண்ணென்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலிருந்து வாயின் உட்புறத்திலிருந்து எடுத்த செல்லைச் சோதித்தனர். 1999இல் ஒலிம்பிக் குழு இப்பொதுச் சோதனையைக் கைவிட்டது. ஐயம் எழுந்தால் சோதிக்கும் முறை மட்டும் நின்றது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, மகளிர் பிரிவில் ஓடுவோர் அனைவருக்கும் மரபணுச் சோதனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டது.

அந்த ‘ஐயம்’ ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்வை எப்படிச் சிதைத்தது என்பதைத் தமிழுலகம் அறியும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாளில் பாலினச் சோதனை முடிவைக் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உண்ணவில்லை; யாரையும் ஏமாற்றவில்லை; தம் உடலோடு ஓடினார், அவ்வளவே. அந்த முடிவு அவருடைய செவிக்கு மட்டும் உரியதாய் இருந்திருக்க வேண்டும். மாறாக, உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் அச்சாயிற்று. தமிழக அரசு பதினைந்து இலட்சம் ரூபாய் பரிசு வழங்கியது. அதில் ஒரு பகுதியை அவர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரச் செலவிட்டார். 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி வந்தது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னரே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராக நிலைபெற்றார். பதக்கம் திரும்பவில்லை.

மலேசியாவிலும் அளவுகோல் ஓய்ந்திருக்கவில்லை. 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சீருடற்பயிற்சி வீராங்கனை ஃபாரா ஆன் அப்துல் ஹாடி தங்கம் உட்பட ஆறு பதக்கங்கள் வென்றார். பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சிலர் அவருடைய உடையைப் பற்றிப் பேசினர். நாட்டு மக்களுள் மிகப் பலர் அவருக்குத் துணை நின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனிப் பினாங்கின் மகளைப் பற்றி. நிக்கோல் டேவிட் 1983இல் இத்தீவில் பிறந்தார். தந்தை இந்திய வமிசாவளியினர், தாய் சீனர். துறைமுக நகருக்கே உரிய கலப்பு. ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்தாட்டத்தை அவர் சிறுமியாய் இருந்தபோதே இங்குக் கற்றார். அவ்வாட்டத்தின் விதிநூல் எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கின்றது. களத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர், பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர், எடை 24 கிராம். ஆடுபவரின் உடலுக்கு மட்டும் அதில் அளவில்லை. சிறிய, மெலிந்த உருவமுடைய நிக்கோல், அக்களத்தின் மூலைக்கு மூலை ஓடிக் களைக்காத கால்களால் 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலக வாகையர் ஆனார். 2006 முதல் 2015 வரை இடைவிடாது 108 மாதங்கள் உலகின் முதல் நிலையில் இருந்தார். ஆண், பெண் எனப் பாராது எண்ணினும் அத்தகைய ஆட்சி விளையாட்டு வரலாற்றில் அரிது.

2018இல் கோலாலம்பூரில் ஒரு மேடையில் அவர் தம் முயற்சியையும் வளர்ச்சியையும் பற்றி உரையாற்றினார். அவ்வுரை இணையத்தில் வெளிவந்ததும், அதன் கீழே குவிந்த கருத்துகளில் பல அவருடைய உரையைப் பற்றியவை அல்ல. எட்டு வாகையர் பட்டங்களைப் பற்றியவையும் அல்ல. அவர் மார்பின் அளவைப் பற்றியவை. பார்சி நாடகத்தின் முன் வரிசையில் காசு கொடுத்து அமர்ந்தவன் கேட்ட அதே கேள்வியை, நூற்றைம்பது ஆண்டு கழித்து, காசே கொடுக்காதவன் கேட்டான். மலேசியர் பலர் கொதித்தெழுந்து கண்டித்தனர். பெண்கள் மட்டுமல்லர், ஆடவரும் எழுதினர். அயல்நாட்டு ஏடுகளிலும் அச்செய்தி வந்தது.

அடுத்த ஆண்டு, 2019இல், நிக்கோல் டேவிட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பினாங்கின் புக்கிட் டும்பாரில் உள்ள சுவர்ப்பந்து அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.